பெயரை அடிக்காதீர்கள்

டிசம்பர் முதல் சனிக்கிழமை காலையில் மாதா கோயிலிலிருந்து இரண்டு பெண்கள் ஆங் மோ கியோ வட்டாரத்தில் இருக்கும் ரோசம்மாவின் வீட்டுக்கு வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெரிய பை ஒன்றைத் தூக்கி வந்திருந்தார்கள். தாய்லாந்து அரிசி, எண்ணெய், மைலோ, பிஸ்கட், மத்தி மீன் டப்பாக்கள். கஷ்டப்படும் குடும்பங்களுக்குக் கோயிலின் உதவிக் குழு ஆண்டுதோறும் கொடுக்கும் கிறிஸ்துமஸ் பை அது. அந்தப் பைகளைக் கட்டும் கூட்டத்தில் போன வருஷம்வரை ரோசம்மாவும் ஒருத்தி.

அவள் முகம் கோணவில்லை. நன்றி சொல்லி வாங்கி வைத்தாள். உட்கார வைத்துக் காப்பி கலந்து கொடுத்தாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒருத்தி சொன்னாள்:

"இந்த வருஷம் விருந்துக்கு அப்பம் சுடுற வேலை உங்களுக்கு இல்லக்கா. எல்லாத்தையும் கேட்டரிங்ல சொல்லிட்டாங்க. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க லா."

கதவைச் சாத்திய பிறகுதான் ரோசம்மாவுக்குக் கோபம் வந்தது.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு காப்பிக்கடையில் இருபத்திரண்டு வருஷம் அப்பக்கடை போட்டவள் அவள். கணவர் சூசை பஸ் கேப்டன், அதாவது பஸ் ஓட்டுநர். போன மார்ச் மாதம் டிப்போ கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் செயலிழந்தன. பேச்சு குழறியது. அவரைப் பார்த்துக்கொள்ளக் கடையை விட்டாள். நாலறை வீட்டை விற்று ஈரறை வீட்டுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சாவு வீட்டில் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். ரோசம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை. அவர்கள் தாழ்த்தத் தாழ்த்த இவள் சத்தமாகச் சிரித்தாள். சட்டி கழுவும்போது வேண்டுமென்றே மாதா பாட்டை உரக்கப் பாடினாள். பக்கத்து வீட்டு சிவகாமசுந்தரி ஒருநாள் கேட்டே விட்டாள்: "எப்படிக்கா உங்களுக்குப் பாட்டு வருது?"

"அழுதா மட்டும் அவர் கை வந்துடுமா? பாடுனா எனக்காவது நல்லா இருக்கு."

கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, விடுதிகளில் தங்கி வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கோயிலில் விருந்து நடக்கும். பன்னிரண்டு வருஷமாக அங்கே அப்பம் என்றால் ரோசம்மாதான். அவள் சுடுவாள், சூசை பக்கத்தில் நின்று தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுப்பார்.

பை வந்த மறுநாள் தமிழ்ப் பூசை முடிந்ததும் உதவிக் குழுத் தலைவர் அருளானந்தத்தின் மேசை முன்னால் போய் நின்றாள். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். அதனால்தான் இன்னும் கோபம்.

"என் பேரை யாரு சார் எடுத்தது?"

"நான்தாம்மா. உங்க நிலைமைக்கு இது சுமையா இருக்கக்கூடாதுன்னு..."

"என்னைக் கேட்டீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வீட்ல இவ்வளவு கஷ்டம் இருக்கும்போது எப்படிம்மா கேக்குறது?"

"நேத்து பை வந்துச்சு. சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். எனக்கு அதுல வெக்கம் இல்ல சார். வாங்குறவங்க லிஸ்ட்ல என் பேரைத் தாராளமா எழுதுங்க. ஆனா குடுக்குறவங்க லிஸ்ட்ல இருந்து அடிக்காதீங்க. நாங்க கஷ்டத்துல இருக்கோம், செத்துப் போகல."

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கேட்டரிங் புக் பண்ணியாச்சே," என்றார் அருளானந்தம், மெதுவாக.

"அது வரட்டும். எனக்கு ஓரமா ஒரு மேசை போடுங்க. போதும்."

மேசை கிடைத்தது. சட்டிதான் இல்லை. கடையோடு சேர்த்து எல்லாவற்றையும் கொடுத்துவிட்டிருந்தாள். கடையை எடுத்து நடத்தும் அப்துல் கையூமிடம் போனாள். அவர் அங்கே புரோட்டா போடுகிறார். விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய், துணியில் சுற்றி வைத்திருந்த ஆறு அப்பச்சட்டிகளையும் எடுத்து வந்தார்.

"எங்க ஆளுங்க யாருக்கும் இதுல சுட வரலக்கா. தூக்கிப் போடவும் மனசு வரல. எடுத்துட்டுப் போங்க. அடுப்பும் வேணுமா?"

மகள் டானியலா போனில் கத்தினாள். "மம்மி, யாருக்கு ப்ரூவ் பண்றீங்க? உங்க மணிக்கட்டு ஏற்கெனவே வீங்கியிருக்கு."

"யாருக்கும் இல்ல. எனக்குப் பிடிச்சிருக்கு. நீ வந்து தேங்காய் துருவு."

பெரிய சண்டை வீட்டுக்குள்ளேதான் நடந்தது. சூசை வர மறுத்தார். நோய் வந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தவிர எங்கும் வெளியே போகாதவர். வாய் கோணியிருப்பதை யாரும் பார்க்கக்கூடாது என்று ஜன்னல் திரையைக்கூட இழுத்துவிடுவார்.

"நீ... போ," என்றார். "நான்... எதுக்கு?"

ரோசம்மா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "இடது கை நல்லாத்தானே இருக்கு? அப்பத்துக்கு மேல சர்க்கரை போட ஒரு கை போதும். எனக்கு ஆள் இல்லீங்க."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். விருந்துக்கு முதல் நாள் சனிக்கிழமை மாலை அவள் மாவு அரைத்தாள். பையில் வந்த தாய்லாந்து அரிசி அப்பத்துக்கு அவ்வளவாகச் சரிப்படாது. பாதிக்குப் பாதி பச்சரிசி சேர்த்து அதையேதான் அரைத்தாள். காலையில் எழுந்தபோது சூசை வெள்ளைச் சட்டையை ஒற்றைக் கையால் போட்டு, பொத்தான் மாட்ட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்து மாட்டிவிட்டாள்.

அன்று நல்ல மழை. டானியலா சட்டிகளோடு டாக்சியில் முன்னால் போய்விட்டாள். சக்கர நாற்காலியில் சூசை, அவர் மடியில் மாவு வாளி, பின்னால் சிவப்புப் பட்டுப்புடவையில் ரோசம்மா. பஸ் வந்து நின்றதும் கேப்டன் இறங்கி வந்து, நாற்காலி ஏறச் சாய்பலகையைப் போட்டார். சூசை அவர் வேலை செய்வதைக் கூர்ந்து பார்த்தார். நாற்காலியின் பட்டை சரியாக மாட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் தலையை ஆட்டினார்.

கோயில் மண்டபத்தில் முதல் அப்பம் சட்டியில் ஒட்டிக்கொண்டு கிழிந்தது. இரண்டாவதும் அப்படியே. சுற்றிலும் நின்றவர்கள் மறுபடியும் குரலைத் தாழ்த்தத் தொடங்கினார்கள். ரோசம்மா கிழிந்ததைச் சுருட்டித் தன் வாயில் போட்டுக்கொண்டு, "ருசி நல்லாத்தான் இருக்கு, மூஞ்சிதான் சரியில்ல," என்றாள். தணலைக் குறைத்தாள். நான்காவது அப்பம் ஓரம் முறுகி, நடு மெத்தென்று எழுந்து வந்தது.

பிறகு வரிசை நீண்டது. கேட்டரிங் பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்கள் இங்கேயும் வந்து நின்றார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்யும் அருண்ராஜ் மூன்று வருஷமாக வருகிறவன். நாற்காலியில் இருப்பவரைப் பார்த்ததும் அருகே வந்தான். குனிந்து, "ஐயா, என்னைத் தெரியுதுங்களா?" என்றான்.

சூசை நிமிர்ந்து பார்த்தார். அங்கே அப்பத்துக்குப் போடும் ஆரஞ்சு நிறச் சர்க்கரையை இடது கையால் அள்ளித் தூவினார். பாதி தட்டில், பாதி அவன் சட்டையில்.

"முட்டை அப்பம்..." என்றார் சூசை. "நீ... ரெண்டு கேப்ப."

அருண்ராஜ் சிரித்துவிட்டான். சூசையும் சிரித்தார், கோணல் வாயோடு, இருநூறு பேர் நடுவில். ரோசம்மா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவோம் என்று தெரியும். அழுவதற்கு அவள் வரவில்லை.

மணிக்கட்டு இரண்டு வாரம் வலித்தது. வீடு அதே ஈரறை வீடுதான், சூசையின் வலது கை இன்னும் எழவில்லை. ஆனால் ஜன்னல் திரை இப்போது திறந்திருக்கிறது. ஜனவரியிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிறு, பூசைக்குப் பிறகு, இருவரும் கோயில் மண்டபத்தில் அப்பம் சுடுகிறார்கள். கையூம் சட்டிகளைத் திரும்பக் கேட்கவில்லை. அருளானந்தம் அரிசி மூட்டையைத் தானே தூக்கி வந்து வைக்கிறார். சூசை சர்க்கரையை அதிகமாகத்தான் போடுகிறார். சர்க்கரை வியாதிக்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.