பின்னிருக்கையின் ஆணிகள்

1943 ஆகஸ்டு ஒன்பதாம் தேதி, மாலை நான்கு மணி பத்து நிமிடம். நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது, மெத்தை தைக்கும் பாய் எங்கள் மோட்டார் காரின் பின்னிருக்கையைக் கழற்றி வேப்பமர நிழலில் கிடத்தியிருந்தார்.

கார் அண்ணனுடையது. அவர் இறந்து ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. தங்கையைப் பெண் கேட்ட வாடிப்பட்டிக்காரர்கள் சீர்வரிசையாக அந்தக் காரையே கேட்டார்கள். உட்புறத்தை மட்டும் புதிதாக்கித் தர வேண்டும் என்றார்கள். அண்ணன் விஷக்காய்ச்சலில் இறந்ததாக அவர்களிடம் சொல்லியிருந்தோம். உண்மையில் அவரைக் கொண்டுபோனது காசநோய். வைத்தியரிடம் போய்வரும் வழியெல்லாம் அந்தப் பின்னிருக்கையில்தான் இரத்தம் கக்கினார். அம்மா சீயக்காய் போட்டுத் தேய்த்தும் தோலில் ஒரு கருமை தங்கிவிட்டது.

"இது என்ன கறை, பாப்பா?" என்றார் பாய்.

என்னை முந்திக்கொண்டு அம்மா சொன்னார்: "வெத்தலை எச்சி."

"சோழவந்தான் வெத்தலைக் கொடிக்கால் பூராத்தையும் இதுல உக்காந்தே மென்னுருப்பாரு போல."

யுத்தத்தினால் புது ஆணி கிடைக்காத காலம். பாய் பழைய தோலிலிருந்த சின்ன ஆணிகளைக் குறடால் பிடுங்கி, கல்லில் தட்டி நிமிர்த்தி, ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அதுதான் அவர் வேலை செய்யும் முறை. இடக்கை தோலை இழுத்துப் பிடிக்க, வலக்கை சுத்தியலை ஏந்த, நாக்கு ஒவ்வோர் ஆணியாக உதட்டுக்குத் தள்ளிக்கொடுக்கும். அன்று முன்னிருக்கைக்குத்தான் புதுத்தோல் அடித்தார், ஆணிகள் பின்னிருக்கையினுடையவை.

"பாய், ஆணியை வாயில வைக்காதீங்க."

"கை ரெண்டுதான பாப்பா இருக்கு. மூணாவது கைக்கு எங்க போவேன்?" என்று ஆணிகளுக்கிடையே குழறினார்.

அடுக்களைக்குப் போய் அம்மாவிடம், "அவர்கிட்ட சொல்லிருவோம்," என்றேன்.

"சொல்லு. நாளைக்கே மருதை முழுக்கத் தெரியும். உன் தங்கச்சி காலம்பூரா இந்த வீட்டுலயே கெடக்கட்டும்."

தங்கை அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

நான் சொல்லவில்லை. என் அறையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு சுத்தியல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்று தட்டுக்கு ஓர் ஆணி. நாற்பத்தொன்று வரை எண்ணினேன்.

மறுநாள் காலை, அவர் வருமுன் மீதி ஆணிகளைப் புளிநீரில் கொதிக்கவைத்துத் துடைத்து, அதே தகர டப்பியில் போட்டுவைத்தேன். அவ்வளவு செய்தால் போதும் என்று நினைத்தேன்.

பாய் வந்ததும் ஒரு பிடி வாயில் போட்டார். "புளிக்குதே. பாப்பா கழுவிவச்சீகளா? கல்யாண வீட்டு ஆணின்னா சும்மாவா."

பிறகு குந்தி உட்கார்ந்து, பின்னிருக்கைக்குள் கட்டிகட்டியாக இறுகிக் கிடந்த குதிரைமுடியை இரு கைகளாலும் பிய்த்து உதறினார். மீண்டும் திணிப்பதற்கு அதைப் பூப்போல் மிருதுவாக்க வேண்டும். தூசி அவர் முகத்தைச் சுற்றி எழுந்தது. முடியை நான் கொதிக்க வைத்திருக்கவில்லை.

"நிறுத்துங்க பாய். அது வெத்தலை இல்ல. அண்ணன் கக்குன ரத்தம். காசநோய்."

அவர் ஆணிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"நேத்தே சொல்லிருக்கலாமே, தாயி. என் பேத்திக்கு இன்னும் பல்லு மொளைக்கல. வீட்டுக்குப் போயி ரொட்டிய மென்னு ஊட்டிவிட்டேனே."

கிணற்றடியில் வாய் கொப்பளித்தார். மறுபடி மறுபடி கொப்பளித்தார். கருவிகளை எடுக்காமலே போய்விட்டார்.

குதிரைமுடியையும் பழைய தோலையும் கொல்லையில் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். முடி கருகும் நாற்றத்துக்கு அம்மா வெளியே வந்தார். பின்னால் தங்கை.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அம்மா தங்கையின் பக்கம் திரும்பவில்லை. எரியாமல் விலகி விழுந்த துண்டுகளை நான் ஒரு குச்சியால் தீக்குள் தள்ளிக்கொண்டிருந்தேன்.