பன்னிரண்டாம் கோயிலோடு நின்ற நடை

தொண்ணூற்றாறில் ஜப்பானிலிருந்து மாண்ட்ரியலுக்குத் திரும்பி மூன்று வாரமாகியும் என் கணவரின் கால் புண் ஆறவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டுச் சமையலறையில், வெந்நீர்ப் பேசினுக்குள் காலை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் யாத்திரைக் கதை சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஷிகொக்கு தீவைச் சுற்றி எண்பத்தெட்டு புத்தக் கோயில்கள், ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். நடந்தே முடிக்க வேண்டும் என்பது என் ஆசை. கல்லூரியில் இரண்டு வருடம் கெஞ்சி லீவு வாங்கியது நான். குளிர்காலம் முழுக்க மவுண்ட் ராயல் குன்றில் பனியில் ஏறி இறங்கிப் பழகியதும் நான்தான். அவர் துணைக்கு வந்தவர்.

முதல் கோயில் வாசலிலேயே ஷூவைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"பழனிக்கு ஏழு தடவை வெறுங்காலோட போயிருக்கேன். சாமி கும்பிடப் போறவன் செருப்பு போடுவானா?"

அங்கே எல்லோரும் ஷூ போட்டுத்தான் நடந்தார்கள். தங்கிய விடுதிக்காரம்மாள் வைக்கோல் செருப்பு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாள். கும்பிடு போட்டுத் திருப்பித் தந்தார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பன்னிரண்டாம் கோயில் மலை உச்சியில் இருந்தது. கல்லும் வேரும் பாதத்தைக் கிழித்ததில் சீழ் வைத்துவிட்டது. பத்து நாள் ஆஸ்பத்திரி, பிறகு விமானம்.

கோயிலுக்குக் கோயில் முத்திரை குத்தி, மையால் எழுதித் தரும் புத்தகம் என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டு பக்கம் போக மீதியெல்லாம் வெள்ளை.

ஒரு நாள் மேல்மாடியில் குடியிருக்கும் மன்னார்க்கார அக்கா சூப் கொண்டுவந்தார். "பாதியில நின்னது முருகன் சித்தம்" என்றார் கணவர்.

"முருகன் என்ன பண்ணினார்? எல்லாம் உங்க பிடிவாதம். என் நடையையே கெடுத்துட்டீங்க" என்று கத்தினேன்.

அக்கா புத்தகத்தைப் புரட்டியபடியே கேட்டார்: "அண்ணை பத்து நாளும் ஆஸ்பத்திரியிலைதானே இருந்தவர்? அங்கை அவரைப் பாக்க ஆக்கள் இருந்திருப்பினம். நீங்கள் மிச்சத்திலை கொஞ்சத்தையாவது நடந்திருக்கலாமே?"

பாஷை தெரியாத ஊர், தனியாக எப்படி என்று ஏதோ சொன்னேன். பொய். பத்து நாளும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் கால் நன்றாகத்தான் இருந்தது. எழுந்து நடக்கலாம் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.