ஞாயிற்றுக்கிழமை மோட்டார்

இருபத்தாறு வருஷம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு, பேங்குக்கு லீவு, எனக்கு மட்டும் கிடையாது. காரணம், பக்கத்துக் கழனிக்காரர் தேவகடாட்சம். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்கிறது. ஊர்க்காரன் எவனும் அவருக்கு மோட்டார் போட்டதில்லை.

எங்கள் ஊர் மானாம்பதிக்குப் பக்கம். அவருக்கு நாலு ஏக்கர், எனக்கு இரண்டரை. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கிணறு, ஒரு மோட்டார். என் அப்பாவும் அவரும் பேசி வைத்த முறைப்படி திங்கள், புதன், வெள்ளி எங்கள் தண்ணீர். மற்ற நாலு நாள் அவருடையது. அதில் ஒன்று ஞாயிறு. கடாட்சம் பரம்பரை லுத்தரன் கிறிஸ்தவர். ஓய்வுநாளில் சுவிட்சைத் தொடமாட்டார். அன்றைக்குள்ள தண்ணீரையும் விடமாட்டார்.

எனக்கு இருபத்து நாலு வயசு இருக்கும்போது ஒரு சனிக்கிழமை வரப்பில் நிறுத்தினார்.

"வேதகிரி, நாளிக்கி ஒரு நாளு மோட்டார போட்டுடுடா. எனுக்கு அது வேலை செய்யக்கூடாத நாளு."

"எனுக்கு மட்டும் செய்யலாமா நைனா?"

"உனுக்கு அந்தக் கட்டளையக் குடுக்கலியேடா. எங்களாண்டதான குடுத்தாரு."

ஒரு நாள் என்றார். நம்பினேன். நான் ஏழாவதோடு நின்றவன், அவர் மிஷன் பள்ளியில் எட்டு படித்தவர். அந்த ஒரு வகுப்பு வித்தியாசம் அங்கேதான் வேலை செய்தது.

மற்ற ஆறு நாளும் ஆள் பேய் மாதிரி உழைப்பார். சின்ன வயசிலேயே பெண்சாதி தவறிவிட்டாள். சாம்சன், ஷாரோன் என்று இரண்டு பிள்ளைகளையும் அந்த நாலு ஏக்கரில்தான் படிக்கவைத்தார். எண்பது வயசிலும் வரப்பு வெட்டினார். ஞாயிறு வந்தால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஞானப்பாட்டுப் புத்தகம். கோயிலில் ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்சு அவருடையது. அங்கிருந்து பார்த்தால் அவர் கழனி தெரியும். மடை உடைந்து தண்ணீர் வெளியே போனால் பாட்டில் அவர் குரல் உயரும். எனக்கு அதுதான் தகவல். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவேன். சபையார் அவருக்கு பக்தி ஜாஸ்தி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஹேமாவதி என்னைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் கேட்டாள்: "அவுங்க சாமி லீவு வுடுது. நம்ம சாமிங்க இத்தினி கீதே, ஒண்ணுகூடவா உனுக்கு லீவு வுடாது?"

ஒரு வருஷம் அறுவடை சமயம். ரோட்டில் எல்லோர் நெல்லும் காய்கிறது. ஞாயிறு ஆராதனை நடுவில் மழை இறங்கிவிட்டது. லுத்தரன் சபையில் பாதிரியாரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஐயரே அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல்லை வாரினார். கடாட்சம் கோயில் படியில் குடையோடு நின்றார். குடையை மடக்கி, அதன் முனையால் எனக்கு வழி காட்டினார்.

"டேய், தார்ப்பாய கெயக்கால இசு! கெயக்கு எதுன்னு தெர்ல உனுக்கு?"

ஐயர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பெரியவரே, ரெண்டு மூட்டை தூக்கினா கர்த்தர் கோவிச்சுக்கமாட்டார்."

"நீங்க மூணு வருசத்துல மாத்தலாயி பூடுவீங்க ஐயரே. நான் இங்கியே கெடந்து பதில் சொல்லணும்."

அவர் நெல்லில் ஒரு மணி நனையவில்லை. என் நெல் பாதி முளைத்தது. நான்தான் அவர் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு இருந்தேனே.

இன்னொன்றையும் எழுதச் சொல்கிறாள் ஹேமாவதி. எழுதாவிட்டால் சோறு கிடையாதாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை என் அப்பாவை எடுத்தோம். அந்த வாரம் டிரான்ஸ்பார்மர் எரிந்து கரண்டே இல்லை. என் நாற்றங்கால் வெடிக்கிற பதத்தில் இருந்தது. ஞாயிறு காலையில் நான் சுடுகாட்டில் பால் தெளித்துக்கொண்டிருந்தபோது கரண்டு வந்திருக்கிறது. திரும்பிவந்து பார்த்தால் நாற்றங்கால் முழுக்கத் தண்ணீர். கடாட்சம் வீட்டுக் கொடியில் வெள்ளை வேட்டி ஈரமாகத் தொங்கியது. முழங்கால் அளவுக்குச் சேற்றுக் கறை.

"மோட்டார் யாரு போட்டது நைனா?"

"கரெண்டு வந்துச்சி. தானா ஓடிச்சி."

"மடையும் தானா என் பக்கம் திரும்பிச்சா?"

"போடா, போய்க் காரியத்தப் பாரு."

அடுத்த திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் பீடத்தண்டை போனபோது அவர் மட்டும் மூன்றாவது பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாராம். கோயில் உபதேசியார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டளையை மீறினவன் அதை வாங்கமாட்டானாம். அடுத்த ஞாயிறும் மோட்டார் போட நான்தான் போனேன்.

ஷாரோன் வேலூரில் நர்ஸ். என்மேல் இரக்கப்பட்டு, போனில் அமுக்கினால் ஓடுகிற ஸ்டார்ட்டர் வாங்கி மாட்டினாள். "வேதகிரி அண்ணே, இனிமே நீங்க ஃப்ரீ," என்றாள். பெரியவர் அந்த போனை இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அமுக்குவதும் வேலைதான் என்று தீர்ப்பு சொன்னார். போனை என் கையில் கொடுத்தார். முன்பு என் ஞாயிறு மோட்டார் கொட்டகையோடு போனது. அப்புறம் வாலாஜாபாத்தில் மச்சான் கல்யாணப் பந்தியில் சாம்பார் கையோடு உட்கார்ந்து அமுக்கினேன்.

எண்பத்தேழு வயசில், போன மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார். ஆறு நாள் கணக்கைச் சரியாக முடித்துக்கொண்டுதான் போனார். ஞாயிறு நாலு மணிக்கு அடக்கம் என்று ஐயர் சொன்னார். அதற்கு முன் எனக்கு இரண்டு வேலை இருந்தது. வியாழக்கிழமை இளநீர் கொண்டுபோனபோதே சொல்லிவைத்துவிட்டார்.

"சனிக்கெயமைக்கு மேல தாங்கமாட்டேன்டா."

"நாளு குறிச்சிக்கினு படுத்துக்கினு கீறியா நைனா?"

"கிண்டல் பண்ணாத. சனிக்கெயம போனா ஞாயித்துக்கெயம அடக்கம். சபைப் பசங்கதான் குயி வெட்டுவானுங்க. என்னால அவனுங்க ஓய்வுநாளு கெடக்கூடாது."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?"

என்னைப் பார்த்தார். வரப்பில் நிறுத்திப் பார்த்த அதே பார்வை.

"உனுக்குத்தான் கட்டளை இல்லியே. நீ வெட்டு."

"இருவத்தாறு வருசம் பத்தலியா உனுக்கு?"

"ஒரு நாளுதான்டா."

சரி என்று எழுந்து வாசல்வரைக்கும் வந்துவிட்டேன். உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"வேதகிரி, ஆறு மணிக்குக் கரெண்டு வந்துடும். மொதல்ல மோட்டார போட்டுட்டு அப்பால போய் வெட்டு."