எந்த எடிட்டர்?

வேலைக்குக் கூப்பிட்ட அன்றே அவளுக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளை வளர்க்க வேலையை விட்டவள், பல வருஷம் கழித்து ஒரு சின்ன வலைத்தள நிறுவனத்தில் சோதனைக்காக ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பல் மருத்துவருக்கு முன்பதிவுப் பக்கம் செய்து காட்ட வேண்டும். பிடித்தால் வேலை, இல்லாவிட்டால் பழையபடி வீடு.

குழுத் தலைவி நல்லவள். அதுதான் வினையாகப் போயிற்று. "எந்த எடிட்டர்ல வேணாலும் எழுதுங்க, உங்க இஷ்டம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதில்தான் எழுத வேண்டும் என்று அதட்டியிருந்தால் இவள் நிம்மதியாக எழுதியிருப்பாள். தான் அந்தக் காலத்தில் கணினி நிரல் எழுதப் பயன்படுத்திய எடிட்டர் மென்பொருளின் பெயரைச் சொன்னால் சிரிப்பார்களோ என்று வாயே திறக்கவில்லை.

கொழுந்தனும் இதே தொழில்தான். எந்த எடிட்டர் நல்லது என்று போனில் கேட்டாள்.

"அண்ணி, கண்ணை மூடிட்டு இதைப் போடுங்க. இப்ப எல்லாரும் இதுதான்."

போட்டாள். பக்கத்து நாற்காலிக்காரன் எட்டிப் பார்த்தான்.

"ஐயோ, இதுவா? திறக்கறதுக்குள்ள ஒரு காபி குடிச்சிட்டு வந்துடலாமே!"

அதை நீக்கிவிட்டு வேறொன்று. பிறகு கறுப்புத் திரையா வெள்ளைத் திரையா, எழுத்து எவ்வளவு பெரிசு, எந்தத் துணைக்கருவி. ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள், இவள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்காமல் இருக்க அவளுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

"செருப்புக் கடையில கூட நீ இப்படித்தான்" என்றார் கணவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒருவழியாக எல்லாம் அமைந்தது. சேமித்தவுடன் நிரலை அழகாக அடுக்கித் தரும் துணைக்கருவி ஒன்றும் கிடைத்தது. சந்தோஷத்தில் முழுத் தளத்தின் கோப்புகளையும் திறந்து சேமித்தாள். அனுப்பினால் போகிறதா என்று பார்ப்போமே என்று குழுவில் எல்லாரும் நிரலைச் சேர்த்துவைக்கும் பொது இடத்துக்கும் அனுப்பிவைத்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் கூச்சல்.

"யாருப்பா இது? எல்லா ஃபைலும் மாறிக் கிடக்கு! என் வரி எது, உன் வரி எதுன்னே தெரியல!"

வாயை மூடிக்கொண்டிருக்கலாமா என்றுகூட அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. எழுந்தாள்.

"நான்தாங்க. தெரியாம அனுப்பிட்டேன்."

குழுத் தலைவி திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பழையபடி திருப்பிவைத்தாள்.

"இது எல்லாருக்கும் நடக்கறதுதான், விடுங்க. சரி, நீங்க எழுதின பக்கத்தைக் காட்டுங்க, பாக்கலாம்."

அவளிடம் காட்ட ஒரு வரிகூட இல்லை. எழுதுவதற்கான ஏற்பாட்டிலேயே வாரம் போயிருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொன்னாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள் தலைவி. குரலில் பழைய கனிவு இல்லை.

இவள் எழுத ஆரம்பித்தாள். தேதி, நேரம், நோயாளியின் பெயர். வரிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. மறுநாள் மதியம் கணவர் போன் செய்தார்.

"என்ன, வேலை கிடைச்சுடுமா?"

"தெரியலைங்க. இன்னும் பாதி இருக்கு. வெச்சிடட்டுமா?"

"இரு இரு. கடைசியில எந்த எடிட்டரைத்தான் எடுத்த?"

திரையின் மேல் ஓரத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் அவளால் பெயரைச் சொல்ல முடிந்தது.