சத்தம் அமுங்கும் இடம்

பேச்சியம்மாள் இரண்டாவது தடவையும் டிரைவிங் டெஸ்டில் ஃபெயிலானபோது, மைதானத்தில் அந்த மேட்டைக் கட்டிவைத்தவர் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பாதி மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் வண்டியை எடுக்க வேண்டும். இரண்டு தடவையும் உருண்டது.

பேச்சியம்மாள் தாயில்பட்டிக்காரி. வீடுகளில் பெண்கள் சுற்றிவைக்கும் பட்டாசுக் காகிதக் குழாய்களைச் சேகரித்து, கம்பெனிகளில் கொண்டுபோய் இறக்குவது அவள் புருஷனின் தொழில். சொந்தமாகக் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வைத்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்து அவர் படுத்துவிட, வண்டி வாசலில் நின்றது. தீபாவளி சீசனுக்குள் இவள் லைசென்ஸ் எடுக்காவிட்டால், கம்பெனிக்காரர்கள் அந்த ஓட்டத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவள் புருஷன் என் பழைய கூட்டாளி என்பதால் சொல்லிக்கொடுக்க நானே போனேன்.

நான் முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். மிளகாய் வத்தல், பருப்பு, பட்டாசு என்று ஏற்றாத லோடு இல்லை. மேட்டில் நின்று நான் வண்டியை எடுத்தால் கிளீனரின் தூக்கம் கலையாது. அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. "கிளட்சை லேசா விடு தாயி, லேசா" என்று தொண்டை வறளச் சொன்னேன். அவளும் லேசாகத்தான் விட்டாள். வண்டி ஒன்று ஆஃப் ஆகும், இல்லையென்றால் பின்னால் போகும்.

லாரி ஓட்டுவதை விட்டபின் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அந்தச் சமயத்தில்தான், விருதுநகரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் நண்பரிடம் வேலை கேட்டேன்.

"அண்ணாச்சி, நீங்க ஓட்டுறத ஊரே அறியும். ஆனா சொல்லிக்கொடுக்கணும்னா மெக்கானிக் சர்டிபிகேட் வேணும். அது இல்லாம உங்களை உக்கார வைக்க மாட்டேன்" என்றார்.

சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து குதித்தேன். பிறகு வேறு வழியில்லாமல் மெக்கானிக் பயிற்சியில் சேர்ந்தேன். அதில் பாதி எனக்கு ஒத்துவரவில்லை. நான் வரைந்த பிஸ்டன் டீ டம்ளர் போல இருந்தது.

பாடம் எடுத்த மேடம் எங்கள் பக்கத்துப் பெண்தான். ஒருநாள் என்னைப் பயிற்சி வண்டியில் உட்காரவைத்து, செய்வதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே வண்டியை எடுக்கச் சொன்னார்.

"கிளட்சை லேசா விடுறேன்" என்றேன்.

"எம்புட்டு விட்டா லேசு, ஐயா? போதும்னு உங்க காலுக்கு யாரு சொல்றா?"

திரும்பத் திரும்ப வண்டியை எடுத்துப் பார்த்தேன். மெல்லத்தான் பிடிபட்டது. ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் அமுங்குகிறது, சீட் அதிர்கிறது, கால் அங்கே நின்றுவிடுகிறது. இத்தனை வருஷமும் என் கால் அதைக் கேட்டு நடந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையிலேயே தாயில்பட்டிக்குப் போனேன். ஊருக்கு வெளியே கண்மாய்க்கரை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"சத்தம் அமுங்குதான்னு கேளு தாயி. சீட்டு அதிருதா? காலை அங்கனயே நிப்பாட்டு. இப்பக் கைப்பிரேக்கை விடு."

வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு மெல்ல முன்னால் ஏறியது. உச்சிக்குப் போய் நிறுத்திவிட்டு அவள் என்னைப் பார்த்தாள்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேண்ணே."

"எனக்கே நேத்துத்தான் தெரியும்" என்றேன்.

மூன்றாவது டெஸ்டில் அவள் பாஸானாள். வேலிக்கு வெளியே நின்றிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓட்டத் தெரிந்தவனுக்கு எதற்குப் பேப்பர் என்று டீக்கடையில் பழைய டிரைவர்கள் இப்போதும் கேட்கிறார்கள். ஓட்டுவதற்கு எனக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் நமக்குத் தெரிந்ததை வாயால் சொல்லவைக்க ஒருவர் வேண்டியிருக்கிறது. முகத்துக்கு நேரே மறுத்த நண்பருக்கும், விடாமல் கேட்ட அந்த மேடத்துக்கும் நான் கடன்பட்டவன்.

சர்டிபிகேட் வாங்கி, இப்போது நான் நண்பரின் ஸ்கூலில்தான் வேலை பார்க்கிறேன். போன சீசனில் ஒரு பேங்க் ஆபீசருக்குப் பாலத்தில் வண்டி பழக்கிக்கொண்டிருந்தேன். ஏற்றத்தில் வண்டிகள் தேங்கி நின்றன. எங்களுக்கு முன்னால் குழாய் மூட்டைகளோடு ஒரு குட்டி யானை. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த ஆபீசருக்கு வேர்த்துவிட்டது. முன்னால் நிற்கும் வண்டி பின்னால் உருண்டு வந்து எங்களை இடித்துவிடும் என்று பயந்தார்.

அந்தக் குட்டி யானையின் பக்கக் கண்ணாடியில் பேச்சியம்மாளின் முகம் தெரிந்தது.

"அது வராது சார். சத்தத்தை மட்டும் கேளுங்க" என்றேன்.