கூப்பிட்டது கேட்கவில்லை

நோர்வேயின் குரோருட்டில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் பழைய யன்னல்களைக் கழற்றி இரட்டைக் கண்ணாடி யன்னலும் அதேமாதிரிப் பல்கணிக் கதவும் போட்டது ஒரு புரட்டாதி மாதத்தில். அதுவரை குளிர்காலம் முழுவதும் யன்னல் விளிம்புகளில் பழைய துவாய்களைச் சுருட்டி வைத்திருப்போம். படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். துடைத்தால் இரண்டு கிழமையில் திரும்பவும் வந்துவிடும். மகள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டுதான் படிப்பாள்.

பக்கத்து வீட்டில் ஒரு நோர்வேஜியக் கிழவர் தனியே இருந்தார். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து கனகாலம். எங்கள் பல்கணிக்கும் அவருடைய பல்கணிக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு மட்டும்தான். யன்னல் போட்டு முடிந்த அன்று என்னைக் கூட்டிப்போய், கண்ணாடியோரம் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். துளிக் காற்றும் வரவில்லை.

“முப்பது வருசமா இந்தக் காற்றோட இருந்தனான்,” என்றார்.

அதன் பிறகு வீட்டுச் சூடு வெளியே போகவில்லை. வெளிச்சத்தம் உள்ளே வரவில்லை. ரயில், கீழே விளையாடும் பிள்ளைகள், அவருடைய இருமல், எதுவும் கேட்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. நாள் முழுக்க முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவளுக்கு வீட்டில் அமைதி பெரிய விஷயம்.

தை மாதத்தில் ஒரு நாள் எனக்கு விடுமுறை. கடுங்குளிர். பல்கணிக் கதவோரம் இருந்து உடுப்பு மடித்தேன். பகலிலும் விளக்குப் போட்டிருந்தேன். பிறகு தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, ஒரு மணித்தியாலம் ஒன்றும் செய்யாமல் அதே இடத்தில் இருந்தேன்.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தால் வந்த மகள் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள்.

“அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் பல்கணியில விழுந்து கிடக்கிறார். கீழ நிண்டு பாத்தனான். கம்பிக்கு வெளியால கை அசையுது.”

பல்கணிக் கதவைத் திறந்த பிறகுதான் முனகல் கேட்டது. பனி அள்ளப் போனவர் வழுக்கி விழுந்திருந்தார். குளிர்ச்சட்டை போட்டிருக்கவில்லை. ஒரு காலில் செருப்பில்லை. மகள் அம்புலன்ஸைக் கூப்பிட்டாள். நான் போர்வைகளை அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, கதிரை வைத்து ஏறித் தடுப்பைத் தாண்டினேன். அவரைச் சுற்றிப் போர்த்தி, பக்கத்தில் படுத்து அணைத்துக்கொண்டேன்.

“கனநேரமாக் கூப்பிட்டனான்,” என்றார். “உங்கட லைற் எரிஞ்சது. வீட்டில இருக்கிறீங்கள் எண்டு தெரியும்.”

நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

வீட்டுச் சாமான்களை ஒதுக்குவதற்குப் பெர்கன் நகரிலிருந்து அவருடைய மகள் வந்தார். வாசலில் நின்று எனக்கு நன்றி சொன்னார். பிறகு கேட்டார்.

“அப்பா விழேக்க நீங்கள் வீட்டில இருந்தனீங்களோ?”

“இல்லை. வேலையால அப்பதான் வந்தனான்.”

என் மகள் எனக்குப் பின்னால் நின்றாள். கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

“ஏன் பொய் சொன்னனீங்கள்?”

“உண்மையைச் சொல்லி அவவுக்கு என்ன கிடைக்கப்போகுது?”

“அவவுக்காகவோ சொன்னனீங்கள்?”

அன்றிலிருந்து அவள் சாப்பாட்டைத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தாள். நானும் அவளைக் குறை சொல்லவில்லை. வேலையிடத்தில் யாராவது வயதானவர் கூப்பிட்டால், கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்கினேன். கூட வேலை செய்கிறவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

பங்குனியில், குடியிருப்புச் சங்கத் தலைவரிடம் கிழவரின் மகளுடைய நம்பரை வாங்கி, பெர்கனுக்குப் போன் எடுத்தேன். வீட்டில்தான் இருந்தேன் என்பதையும், எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன்.

“அப்பா என்ன சொன்னவர்?”

கிழவர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அப்ப, நீங்கள் கேட்டும் வரேல்லை எண்டு நினைச்சிருப்பார்.”

“ஓம்,” என்றேன். “கொஞ்ச நேரமெண்டாலும் அப்பிடி நினைச்சிருப்பார்.”

அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று பின்னேரம் நடந்ததை மகளிடம் சொன்னேன். அவள் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் இருந்து சாப்பிட்டாள். பெர்கனிலிருந்து அதற்குப் பிறகு அழைப்பு எதுவும் வரவில்லை.