கிளாம்பு போட்ட ட்ரம்

கொங்குப் பக்கத்து ராயபுரத்தில், வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில், செல்லத்தாய்க்கு யாரையும் பிடிக்காது. அவளையும் யாருக்கும் பிடிக்காது. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் பதினோரு வருஷம் கால்கடுக்க நின்றவள் அவள். 2006-ல் அந்த வேலையை உதறிவிட்டு, மீன் மார்க்கெட்டில் வெட்டிப் போடும் தலையையும் குடலையும் வாளி வாளியாக வீட்டுக்குச் சுமந்தால் எவருக்குத்தான் பிடிக்கும்?

கம்பெனியும் லைன் வீடும் வேலுமணிக்குச் சொந்தம். முன்பக்கம் கம்பெனி, பின்பக்கம் வீடுகள். பாத்ரூம் போய்வந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்து அவர் சொல்லிக்காட்டிய அன்றுதான் அவள் டேபிளை விட்டு வெளியேறினாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மீன் கழிவுக்குச் சம எடை வெல்லத்தைத் தட்டிப் போட்டு ட்ரம்மில் ஊறவைப்பாள். மூடியை லேசாகத்தான் வைக்க வேண்டும், உள்ளே கிளம்பும் காற்று வெளியேற வழி வேண்டும். முதல் இரண்டு வாரம் நாற்றம் தாங்காது. இருபத்தோராம் நாள் பழுத்த பழத்தின் வாசம் வரும். அந்த மீன் அமிலத்தை ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு பாட்டில் மூடி அளவு கலந்து தெளித்தால் பயிர் கருகருவென்று எழும்பும். அவிநாசிபாளையத்துச் சின்னாத்தாள் தன் கத்திரித் தோட்டத்தில் தெளித்துப் பார்த்துவிட்டு, "அடுத்த ட்ரம்மு நல்லா வந்துச்சுன்னா எங்க தோட்டத்துலயே எடம் தர்றனுங்க, வருசம் முச்சூடும் போட்டுக் குடுங்க" என்று சொல்லியிருந்தாள். செல்லத்தாய்க்கு அதுதான் வாழ்வு. அது தவறினால் மறுபடி அந்த டேபிள்தான்.

வேலுமணிக்கும் அது தெரியும். கொங்கு மரியாதை குறையாமல் குத்துவார்.

"எத்தனை நாளைக்குங்க இந்த நாத்தம்? கடைசீல நம்ம டேபிளுக்குத்தானுங்க வரோணும்."

"நாறுன மீனத் தொட்டாலும் தொடுவேன் அண்ணாச்சி, ஒங்க டேபிளத் தொட மாட்டேன்."

அடுத்த ட்ரம் போட்ட ஒன்பதாம் நாள், பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் வருவதாக இருந்தது. பேக்கிங் ரூம் ஜன்னலுக்கு நேர் கீழே அவளுடைய இரண்டு ட்ரம்கள். காலையிலேயே வேலுமணி கத்தினார்.

"மூடியை இறுக்குங்க!"

"இறுக்குனா வெடிச்சிரும் அண்ணாச்சி. கை வைக்காதீங்க."

அவள் மார்க்கெட்டுக்குப் போனதுதான் தாமதம், கை வைத்தார். அவர் சாயப்பட்டறையிலிருந்து வளர்ந்தவர். பட்டறையில் ட்ரம் நாறினால் மூடியைச் சுற்றி இரும்புக் கிளாம்பு போட்டு இறுக்குவார்கள், அவ்வளவுதான் அங்கே தெரிந்த வைத்தியம். சித்திரை வெயிலில் இரண்டு ட்ரம்முக்கும் கிளாம்பு போட்டு, கம்பியால் முறுக்கியும் விட்டார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

மத்தியானம் செல்லத்தாய் சந்துக்குள் நுழையவும் முதல் ட்ரம் வெடிக்கவும் சரியாக இருந்தது. மூடி ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. பின்னாலேயே ஒன்பது நாள் ஊறிய குடலும் செதிலும் வெல்லப்பாகும் பறந்து, பெட்டியில் அடுக்க வைத்திருந்த வெள்ளைப் பனியன்கள் மேல் விழுந்தன. அப்போதுதான் வந்து இறங்கிய பையர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு காரில் ஏறினார்.

அவள் வாளியைப் போட்டுவிட்டு இரண்டாவது ட்ரம்மிடம் ஓடினாள். அதுவும் வயிறு ஊதி நின்றது. கம்பி விரலைக் கிழித்தது. முறுக்கைப் பிரித்துக் கிளாம்பைத் தளர்த்தியதும் காற்று புஸ்ஸென்று இறங்கியது. பிழைத்தது. ஒரு ட்ரம் போன வயிற்றெரிச்சலில் அவளுக்கு அழுகை முட்டியது, ஆனால் வேலுமணியின் முகத்தைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. சந்தோஷமாகக்கூட இருந்தது.

"ஊட்டக் காலி பண்ணு! இப்பவே!"

பாத்திரமும் பாயும் ட்ரம்மும் ஒரே மினிடோர் வண்டியில் ஏறின. "அவிநாசிபாளையம்" என்றாள் டிரைவரிடம். பாக்கி நாளும் ட்ரம் சின்னாத்தாள் தோட்டத்திலேயே ஊறட்டும். சட்டையெல்லாம் செதில் ஒட்டிய வேலுமணி ஒரு கட்டுப் பனியனை முகர்ந்து பார்த்து, வேறு வழியில்லாமல் வண்டியருகே வந்தார்.

"ஏனுங்க, இந்த நாத்தம் எப்பங்க போகும்?"

செல்லத்தாய் விரலில் சுற்றிய துணியைப் பல்லால் இறுக்கிக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் பன்னெண்டு நாளு பொறுங்க அண்ணாச்சி. பழ வாசம் வரும்."